பழைய மண் குழாயோடு புதிய பிவிசி கழிவுநீர்க் குழாயை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய வீடுகளில் குளியலறை, சமையலறை புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். தரையைத் தோண்டிய அன்று மாலையே வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வரும். கேட்கும் ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல், கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. சார், எங்க வீட்டுல தரைக்கடியில இருக்கறது மண் குழாய்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியின் பழுப்பு நிறமும் பளபளப்பும் நினைவிருந்தால் போதும். சுட்ட களிமண்ணின் மேல் கண்ணாடி போல மெருகேற்றிய அதே பரப்புதான் இந்தக் குழாயிலும் இருக்கும். கடைக்காரர்கள் இதை ஸ்டோன்வேர் குழாய் என்பார்கள். இரண்டு அல்லது மூன்றடித் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையும் வாய் விரிந்த சாக்கெட்டாக இருக்கும்.

காந்தம் ஒட்டினால் அது வார்ப்பிரும்பு. மங்கிய சாம்பல் நிறத்தில், உடைந்த விளிம்பில் நார் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் குழாயாக இருக்கக்கூடும். அதை மெஷின் வைத்து அறுக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அப்படிப்பட்ட குழாயை அறுக்காமல், துண்டு துண்டாக இருக்கும் இடத்தில் மூட்டிலிருந்தே கழற்றுவதற்கு விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

2. அறுபது வருஷப் பழைய குழாய். மொத்தமா பேத்து எடுத்துடறது நல்லதா, பாதியை வச்சுக்கலாமா?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சுட்ட மண் துருப்பிடிக்காது, அமிலத்துக்கும் அசையாது. குழாய் நன்றாக இருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கெடுவது பெரும்பாலும் குழாயல்ல, துண்டுக்குத் துண்டு இருக்கும் சிமெண்ட் மூட்டு. அந்த மூட்டு விரிந்த இடத்தில் வேர் நுழைகிறது, மண் அரித்து உள்ளே வருகிறது, குழாய் தாழ்கிறது.

தோண்டியதும் குழாயின் மேல் மண்ணைத் துடைத்துவிட்டு, சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வெண்கலம் போல ஒலித்தால் குழாய் முழுசாக இருக்கிறது. ‘டப்’பென்று அடங்கினால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் துண்டை நம்பாதீர்கள். புதுக் குழாய் வாங்கும்போது பார்க்கும் சோதனையும் இதுதான். பிறகு மேல் சேம்பரில் (குழாய் வரிசையைத் திறந்து பார்க்க மூடி போட்டுக் கட்டிய தொட்டி) ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றி, கீழ்ச் சேம்பரில் அது எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாக வந்து சேர்கிறது என்று பாருங்கள். மண்ணும் நூல் போன்ற வேர்களும் சேர்ந்து வந்தால், அந்த வரிசையை இணைப்பது பணத்தைப் புதைப்பதற்குச் சமம், மாற்றிவிடுங்கள்.

3. ரெண்டுமே நாலு இன்ச்சுன்னுதான் கடைல சொன்னாங்க. ஏன் பொருந்த மாட்டேங்குது?

அளக்கும் இடம் வேறு. மண் குழாயின் அளவு என்பது உள்விட்டம்; பிவிசியின் அளவு என்பது வெளிவிட்டம். 100 மி.மீ. மண் குழாயின் சுவர் சுமார் 12 மி.மீ. தடிப்பு என்பதால் அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 124 மி.மீ. ஆகிறது. கடையில் நாலு இஞ்ச் என்று தரும் பிவிசி 110 மி.மீ. வெளிவிட்டமுள்ளது. ஆக, பிவிசி மண் குழாயின் உள்ளே போகாது, மண் குழாயும் பிவிசியின் சாக்கெட்டுக்குள் போகாது. மண் குழாயின் விரிந்த சாக்கெட் வாயில் மட்டும் பிவிசி லொடலொடவென்று நுழையும்.

கடைக்குப் போகும் முன் ஒரு நூலை மண் குழாயின் வெளிப்புறத்தில் ஒருமுறை சுற்றி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூல் 390 மி.மீ. அளவில் வந்தால் மேலே சொன்ன குழாய்தான். பழைய குழாய்கள் சூளையில் சுட்டவை, முழு வட்டமாக இருப்பதில்லை. எனவே இரண்டு இடங்களில் சுற்றிப் பாருங்கள்.

4. கொத்தனார், “சிமெண்டைக் குழைச்சு நாலு பக்கமும் அப்பிட்டாப் போதும், காலத்துக்கும் நிக்கும்”ங்கறார். நம்பலாமா?

அவர் மண்ணுக்கு மண் சேர்க்கும் வேலையைப் பல்லாண்டுகள் பழகியவர். அதில் அவர் சொல்வது சரி. ஆனால் பிவிசியின் வழவழப்பான பரப்பில் சிமெண்ட் பிடிப்பதில்லை, சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான். அதோடு பிவிசி வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும்: 3 மீட்டர் நீளமுள்ள குழாயில் வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய 6 மி.மீ. நீளுகிறது. தரைக்கடியில் அவ்வளவு வெப்ப மாற்றம் வராது என்றாலும், சுவரோரம் வெயிலில் இறங்கி வரும் குழாயும், சுடுநீர் பாயும் குழாயும் அந்த அசைவைக் கீழேயுள்ள மூட்டுவரை கொண்டுவந்துவிடும். மண் குழாயோ இம்மியும் அசையாது. இந்த இழுபறியில் சிமெண்டுக்கும் பிவிசிக்கும் நடுவில் மயிரிழை அகலத்தில் ஒரு வளையம் திறந்துகொள்கிறது.

போன வருடம் ஒரு வீட்டில் சமையலறைத் தரையின் ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தபோது, தலையணை அளவுக்குச் சிமெண்ட் அப்பியிருந்தது. பிவிசியைக் கையால் பிடித்துத் திருகினால், அந்தச் சிமெண்டுக்குள் அது தனியாகச் சுழன்றது. அடியில் மணல் அரித்துப்போய் ஒரு முழம் ஆழத்துக்கு வெற்றிடம். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: இரு வேறு இயல்புள்ள பொருள்கள் சேரும் இடத்தில் அசைவுக்கு வழி இருக்க வேண்டும்.

5. அப்போ சரியான முறைதான் என்ன?

என் முதல் பரிந்துரை, இணைப்பைத் தரைக்கடியில் செய்யாமல் ஒரு சேம்பருக்குள் செய்வது. மண் குழாய் ஒரு சுவர் வழியே வெளியேறட்டும், பிவிசி எதிர்ச் சுவர் வழியே உள்ளே வரட்டும். இரண்டுக்கும் நடுவில் அரைவட்ட வாய்க்காலாக நீர் திறந்து ஓடட்டும். அப்போது இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. ஆழம் குறைவான இடத்தில் 2 அடிக்கு 2 அடி செங்கல் சேம்பர் போதும். நாளைக்கு அடைப்பு வந்தாலும் மூடியைத் திறந்து பார்க்க ஓரிடம் கிடைக்கிறது. வீட்டுக்குள் சேம்பரா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அதனால்தான் முடிந்தவரை இணைப்பிடத்தைப் பின்கட்டுக்கோ பக்கவாட்டுச் சந்துக்கோ நகர்த்தச் சொல்கிறேன்.

சேம்பருக்கு இடமே இல்லையென்றால் அடுத்தது ரப்பர் கப்ளிங். ஒரு பக்கம் 124, மறுபக்கம் 110 என்று இரண்டு அளவு வாயுள்ள தடித்த ரப்பர் உறை, இரு முனையிலும் துருப்பிடிக்காத எஃகு வளையத்தால் இறுக்கப்படுவது. சுற்றிலும் எஃகுப் பட்டை போர்த்தியது கிடைத்தால் அதையே வாங்குங்கள். மண்ணின் பாரத்தில் ஒரு குழாய் தாழ்ந்து மற்றது நிற்பதை அந்தப் பட்டை தடுக்கும். மண் குழாயின் முனையில் ஒட்டியிருக்கும் பழைய சாந்தை முழுவதும் தேய்த்து எடுத்து, சோப்பு நீர் தடவி ரப்பரை ஏற்றி, இரண்டு வளையங்களையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கப்ளிங்குக்கு அடியில் மணலைக் கெட்டித்து நிரப்ப வேண்டும். செங்கல்லை முட்டுக் கொடுத்தால் பாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் விழும்.

6. எங்க ஊர்க் கடைல அந்த ரப்பர் கப்ளிங் கிடைக்கல. மண் குழாயோட சாக்கெட் நல்லா இருக்கு. அதுக்குள்ளயே சேர்க்க வழி இருக்கா?

இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். பிவிசியின் முனையில் சாக்கெட்டுக்குள் போகும் அளவையும் அதற்கு மேல் நான்கு விரற்கடையையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். அந்தப் பகுதியில் பிவிசி ஒட்டும் சொல்யூஷனைத் தாராளமாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் சலித்த உலர்ந்த மணலைத் தூவி உருட்டி, முழுவதும் காயவிடுங்கள். இப்போது குழாயின் மேல் மணல் தோல் போலப் படிந்திருக்கும். சிமெண்ட் இதைத்தான் பிடிக்கும். சேம்பர் சுவரில் பிவிசி நுழையும் இடத்திலும் இதையே செய்ய வேண்டும்.

பிறகு பிவிசியைச் சாக்கெட்டின் உள்விளிம்பு தட்டும்வரை நுழைத்து, சிமெண்ட் பாலில் தோய்த்த சணலைச் சுற்றி, மழுங்கிய கட்டையால் தட்டி இறுக்குங்கள். சணல், சாந்து குழாய்க்குள் வழியாமல் தடுக்கிறது, குழாயை நடுவில் நிறுத்தவும் செய்கிறது. மிச்ச இடத்தை ஒன்றுக்கு ஒன்று சிமெண்ட் மணல் சாந்தால் அடைத்து, வெளியே சாய்வாகப் பூசி முடியுங்கள். உள்ளே சாந்து பிதுங்கியிருந்தால் சாக்குத் துணியைப் பந்தாகக் கட்டி, கயிற்றால் இழுத்து உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அது கல். ஈரச் சாக்குப் போர்த்தி 7 நாள் நனைத்து வையுங்கள், முதல் நாள் முழுக்கக் கழிவுநீர் விட வேண்டாம்.

இந்த மூட்டு அசையாது என்பதால், இதற்கு மேலே அரை மீட்டருக்குள் ரப்பர் வளையம் வைத்த ரிங் ஃபிட் மூட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதில் குழாயை முழுவதும் தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்து விடுங்கள். நான்காம் கேள்வியில் சொன்ன நீளலும் சுருங்கலும் அந்த இடைவெளியில் அடங்கும்.

7. குழாய் அடி பொருந்தணும்னு சொல்றீங்களே, அது என்ன?

இரண்டு குழாய்களின் உட்புற அடியும் ஒரே மட்டத்தில் சேர்வதுதான் அது. பி வகைப் பிவிசியின் சுவர் 3.2 மி.மீ. என்பதால் அதன் உள்விட்டம் ஏறக்குறைய 103 மி.மீ.; மண் குழாயின் உள்விட்டம் 100. இரண்டையும் நடுவுக்கு நடு சரியாக வைத்தால், மண் குழாயின் அடி 2 மி.மீ. அளவு உயர்ந்து, வரும் நீருக்கு எதிரே ஒரு சிறு படியாக நிற்கும். தலைமுடியும் நூலும் முதலில் சிக்குவது அங்கேதான். ஆகவே சணல் சுற்றும்போது அடிப்பக்கத்தில் ஒரு சுற்று கூடுதலாக வைத்துப் பிவிசியைச் சற்றே தூக்கி, அடி விளிம்புகள் விரலுக்குத் தட்டாமல் சமமாகும்படி செய்யுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்ப்பதைவிட நம்பகமான அளவுகோல் இங்கே இல்லை.

கழிவறைக் கழிவுக்கும் தரைக்கடிக்கும் மெல்லிய ஏ வகை வேண்டாம். அது காற்றுக் குழாய்க்கும் மழைநீருக்குமானது.

8. மண் குழாயை உடையாம எப்படி வெட்டறது?

கல் அறுக்கும் டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷினால் வெட்டலாம். முதலில் குழாயைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே ஆழமில்லாமல் ஒரு சுற்று கீறி, பிறகு சிறிது சிறிதாக ஆழப்படுத்துங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் விரிசல் நீளவாக்கில் ஓடிவிடும். சுத்தியலும் உளியும் வேண்டவே வேண்டாம்.

வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீரும் மின்சார மெஷினும் சேரும் வேலை என்பதால், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத இணைப்பிலிருந்து இதைச் செய்யாதீர்கள். நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

9. புது பாத்ரூம் லைனை, ஓடிட்டிருக்கற மண் குழாய்ல ஓட்டை போட்டு நுழைச்சுடலாம்னு பிளம்பர் சொல்றார். ஒரு நாள்ல முடிஞ்சுடுமாம்.

ஒரு நாளில் முடியும், ஆனால் அங்கேதான் பிறகு அடைப்பு ஆரம்பிக்கும். உடைத்த ஓட்டை ஒருபோதும் வட்டமாக வராது. நுழைத்த பிவிசியின் முனை உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். தட்டிய அதிர்ச்சியில் விரிசல் அடுத்த துண்டுக்கும் போயிருக்கும்.

அந்த இடத்தில் ஒரு சேம்பர் கட்டுவதே நல்லது. முடியாதென்றால், எட்டாம் கேள்வியில் சொன்னபடி ஒரு துண்டை வெட்டி எடுத்து, பிவிசி ‘ஒய்’ ஒன்றை இரு பக்கமும் ரப்பர் கப்ளிங்கோடு பொருத்துங்கள். கப்ளிங்குகளை முதலில் குழாய்களின் மேல் முழுவதும் பின்னால் ஏற்றிவிட்டு, ‘ஒய்’ உட்கார்ந்த பிறகு முன்னால் இழுக்க வேண்டும். அதற்கு நடுவில் தடுப்பில்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கிளை, நீர் ஓடும் திசையை நோக்கிச் சாய்ந்து 45 டிகிரியில் சேர வேண்டும். நேர்குத்தாகச் சேரும் ‘டீ’ வேண்டாம்.

10. வாட்டம் எவ்வளவு கொடுக்கணும்? ஜாஸ்தியா கொடுத்தா இன்னும் நல்லதுதானே?

4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, 6 அங்குலத்துக்கு 60க்கு 1 என்பது பழைய, எளிய கணக்கு. அதாவது 10 அடி தூரத்துக்கு முறையே 3 அங்குலமும் 2 அங்குலமும் இறக்கம். மிக அதிகமாகக் கொடுத்தால் தண்ணீர் முந்தி ஓடிவிட்டு, கட்டி பின்தங்குமென்று அஞ்சுவார்கள். வீட்டளவில் அதைவிடப் பெரிய சிக்கல், மேலே அதிகம் கொடுத்துவிட்டுக் கீழே மண் குழாயைத் தொடும் இடத்தில் மட்டமாகிப்போவதுதான். ஆகையால் அளவைக் கீழிருந்து, மண் குழாயின் அடி மட்டத்திலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும்.

11. பெரிய குழாயா, 160 போட்டுட்டா அடைக்கவே அடைக்காதுல்ல?

கீழேயுள்ள மண் குழாய் 100 மி.மீ. என்றால் கூடாது. நீர் போகும் திசையில் குழாய் குறுகவே கூடாது. 160 பிவிசியை 150 மி.மீ. மண் குழாயோடு சேர்க்கலாம். அங்கும் ஏழாம் கேள்வியில் சொன்ன அடிப்பொருத்தத்தைப் பாருங்கள்.

12. எம்-சீல் வச்சு அடைச்சுட்டா? இல்ல சிலிக்கான்?

அவை நல்ல பொருள்கள், இந்த வேலைக்கு உரியவை அல்ல. எம்-சீல் போன்ற எபாக்சிப் பசை காய்ந்ததும் கல்லாகிவிடும். நான்காம் கேள்வியின் சிக்கலே மறுபடி வரும். ஈரமும் பாசியும் உள்ள பழைய மண் பரப்பில் சிலிக்கான் ஒட்டாது. பிவிசிக்கான சொல்யூஷன், பிவிசியைக் கரைத்து ஒட்டுவது. மண்ணை அது ஒன்றும் செய்யாது.

13. தினமும் கஞ்சி வடிச்சு சிங்க்லதான் ஊத்தறோம். மாசம் ஒருதரம் ஆசிட் ஊத்திக் கழுவுவோம். புது இணைப்புக்கு ஆகுமா?

கொதிக்கும் கஞ்சி மண் குழாய்க்கு ஒன்றுமில்லை. ஆனால் பிவிசி ஏறக்குறைய 80 டிகிரியில் இளகத் தொடங்கும் பொருள். ஒரு தடவையில் உருகிவிடாது. நாள்தோறும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தாங்கு இல்லாத இடத்தில் குழாய் தொய்ந்து, மூட்டு இழுபடும். கஞ்சியை ஆறவைத்து ஊற்றுங்கள், அல்லது கூடவே குழாயைத் திறந்து தண்ணீர் விடுங்கள். ஆறிய கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிறகு ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று விடுவதும் நல்லது.

ஆசிட் கதை தலைகீழ். மெருகேற்றிய மண்ணும் தாங்கும், பிவிசியும் தாங்கும். நடுவில் இருக்கும் சிமெண்ட் சாந்து மட்டும் பொரிந்து கரையும். பழைய வீடுகளில் மூட்டுகள் மண்ணாகக் கொட்டுவதற்கு மரவேர் மட்டுமே காரணமென்று நினைக்கிறோம். பல வீடுகளில் மாதாமாதம் ஊற்றிய ஆசிட்டுக்கும் அதில் பங்கிருக்கிறது. ஆறாம் கேள்வி முறையில் சேர்த்தவர்கள் ஆசிட்டை அடியோடு விட்டுவிடுங்கள்.

14. இணைச்சதுலேருந்து பாத்ரூம்ல நாத்தம் தாங்கல. மூட்டு சரியில்லையா?

முதலில் மூட்டைச் சந்தேகிக்காதீர்கள். பழைய அமைப்பில் குளியல் நீரும் சமையல் நீரும் வெளியே உள்ள கல்லி டிராப்பில் விழுந்து, அங்கிருந்து மண் குழாய்க்குப் போகும். புதுப்பிக்கும்போது அந்த டிராப்பை எடுத்துவிட்டு நேரே இணைத்துவிடுகிறார்கள்; சாக்கடைக் காற்றுக்கு இருந்த ஒரே தடுப்பு போய்விடுகிறது. டிராப்பில் எப்போதும் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். பயன்படுத்தாத குளியலறையில் கோடையில் அது வற்றிவிடும். வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

டிராப் இருந்தும், கழிவறையில் தண்ணீர் விடும்போதெல்லாம் தரை டிராப் ‘களக் களக்’ என்று உறிஞ்சினால், காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது வேலையின்போது வெட்டி மூடப்பட்டிருக்கிறது. மொட்டைமாடிவரை போகும் அந்தக் குழாயைத் தேவையற்றதென்று நினைத்து எடுத்துவிட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

15. மூடறதுக்கு முன்னாடி கசியுதான்னு எப்படிப் பாக்கறது?

கீழ்ச் சேம்பரில் குழாய் வாயைக் களிமண் பொதிந்த சாக்குத் துணியால் இறுக அடைத்து, அது உள்ளே போய்விடாமல் கயிறு கட்டி வெளியே பிணைத்து வையுங்கள். மேல் முனையில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள்; பழைய சாந்து கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். மறுபடி நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, அரை மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால், அடைப்பை இணைப்புக்குச் சற்று மேலே கொண்டுவந்து புதுப் பகுதியை மட்டும் சோதியுங்கள். அது நின்றால் குறை இணைப்பிலோ பழைய வரிசையிலோ இருக்கிறது. இணைப்பை உலர்ந்த செய்தித்தாளால் சுற்றிவைத்தால், கசிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

மூடும் முன், சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று டேப் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

16. எங்க சம்ப் அந்த லைனுக்குப் பக்கத்துலதான் இருக்கு. பயப்படணுமா?

பயப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன். சம்ப்பில், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில், வெளியே தேங்கிய கழிவுநீர் அதன் சுவர் விரிசல் வழியே உள்ளே வரும். நிறமோ மணமோ மாறும் முன்பே வயிற்றுப்போக்கு வந்துவிடும். கிணறுள்ள வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை. சம்ப்பை ஒட்டிப் போகும் நீளம் முழுவதையும் மூட்டில்லாத ஒரே பிவிசித் துண்டாக மாற்றி, மண் குழாயோடான இணைப்பைச் சம்ப்பைத் தாண்டி, தாழ்வான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். இதில் செலவைப் பார்க்காதீர்கள்.

17. தி. நகர்ல எங்க அக்கா வீட்டுலயும் அடையார்ல எங்க வீட்டுலயும் ஒரே ஆள்தான் வேலை செஞ்சார். அங்க மட்டும் ஒரு வருஷத்துல விட்டுப்போச்சு. ஏன்?

மண். தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கம் பெரும்பாலும் களிமண் பூமி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அடையாறு, திருவான்மியூர் கடலோர மணல். களிமண்ணில் அசையாத மூட்டு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் விட்டுப்போகும். அங்கே சேம்பர் அல்லது ரப்பர் கப்ளிங் தவிர வேறு வழியை நான் ஏற்பதில்லை. குழாயின் அடியிலும் பக்கத்திலும் 4 அங்குலம் மணல் பரப்புவதும் அங்கே அவசியம். மணல் பூமியில் ஆபத்து வேறு: கசிந்தால் மணல் குழாய்க்குள் இழுபட்டு, மேலே தரை உள்வாங்கும். எந்த மண்ணாக இருந்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் கோடையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

18. மழைத்தண்ணிக் குழாயையும் இதுலயே சேர்த்துடலாமா? தெரு வரைக்கும் நாமளே மாத்திடலாமா?

இரண்டும் கூடாது. மொட்டைமாடி நீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால், பெருமழையில் குழாய் நிரம்பிக் கழிவுநீர் உங்கள் தரைத்தள டிராப் வழியாகவே மேலே வரும். அந்த நீர் மழைநீர் சேமிப்புக் குழிக்குப் போக வேண்டியது. சென்னையில் வீட்டு எல்லைக்குள் உள்ள குழாய்களும் சேம்பர்களும் உங்கள் பொறுப்பு. அதற்கப்பால் தெருக் குழாயில் கை வைப்பது குடிநீர் வாரியத்தின் வேலை, அங்கே மனு கொடுங்கள்.

19. எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். நாலு மாசத்துல அடைச்சுக்கிச்சு. இணைப்புலயா, பழைய குழாய்லயா, எப்படித் தெரியும்?

மூங்கில் பிளாச்சையோ ஸ்பிரிங் கம்பியையோ மேல் சேம்பரிலிருந்து விட்டு, முட்டும் இடத்தில் கம்பியில் துணி கட்டி அடையாளம் வைத்து வெளியே இழுத்து அளங்கள். பதினைந்தாம் கேள்வியில் எடுத்த புகைப்படத்தின் அளவோடு அது ஒத்துப்போனால் இணைப்பில்தான் சிக்கல்: உள்ளே பிதுங்கிக் காய்ந்த சாந்து, அல்லது அடி பொருந்தாத படி. கம்பி அதைத் தாண்டிப் போய் முட்டினால் பழைய வரிசை. கம்பியின் நுனியில் என்ன வருகிறது என்று பாருங்கள். பொடி வேர் வந்தால் மூட்டு விரிந்திருக்கிறது. சிவப்பும் பழுப்புமாகச் சில்லு வந்தால் குழாய் உடைந்திருக்கிறது. வெறும் கொழுப்பு வந்தால் சமையலறைப் பழக்கத்தை மாற்றினால் போதும்.

கம்பி எட்டாத ஆழமாக இருந்தாலும், செப்டிக் டேங்கிலோ ஆழமான சேம்பரிலோ யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நீர் பீய்ச்சும் வண்டியை வரவழையுங்கள். ஆனால் பழைய மண் குழாய் இருக்கிறது என்பதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழு அழுத்தத்தில் பீய்ச்சினால் தளர்ந்த மூட்டுகள் பெயர்ந்துவிடும், குறைந்த அழுத்தத்தில் தொடங்கிக் கீழ்ச் சேம்பரிலிருந்து மேல் நோக்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.